பற்றரி இறங்கக் கூடாத குளிர்காலம்

2009இன் இலையுதிர் காலத்தில் என்னை அறையை விட்டுக் கிளப்பியது என் கைத்தொலைபேசிதான். பாரிஸுக்கு வெளியே லா கூர்னேவில் ஓர் அறையில் ஆறேழு பேர் இருந்தோம். எல்லோரும் உணவகங்களில் பாத்திரம் கழுவிவிட்டும், கடைகளில் மூட்டை தூக்கிவிட்டும் வந்து விழுகிறவர்கள். நான் மட்டும் போனை உச்சச் சத்தத்தில் வைத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுப்பேன். ஏதாவது விற்கிறவன் எடுத்தாலும், தவறான இலக்கம் விழுந்தாலும், அறை முழுக்கத் திடுக்கிட்டு எழும்பும்.

"அண்ணை, உதைச் சைலன்ற்றில போட்டால் குறைஞ்சோ போவியள்?" என்று ஒருவன் கேட்டான்.

குறைந்துதான் போவேன். ஆனால் அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் பொறுமை இருக்கவில்லை. இருந்த பொறுமையெல்லாம் அந்த மே மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

என் மனைவி வன்னியில் ஒரு முன்பள்ளியில் ரீச்சராக இருந்தாள். நான் முதலில் பிரான்சுக்கு வருவது, விசா கிடைத்ததும் அவளைக் கூப்பிடுவது என்று பேசி வைத்திருந்தோம். இடையில் சண்டை வந்து பாதையை மூடிவிட்டது. அந்த வருடத் தொடக்கத்தில், யாரோ ஒருவரின் போனை இரந்து வாங்கி ஒரு தடவை எடுத்தாள். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"இஞ்சருங்கோ, என்ன நடந்தாலும் இந்த நம்பரை மாத்திப்போடாதேங்கோ. கடதாசியில எழுதி வைக்கேலாது. எனக்கு இதுதான் பாடம்" என்றாள்.

வெளிநாட்டு எண் எழுதிய துண்டொன்று சோதனைச் சாவடியில் அகப்பட்டால் எத்தனை கேள்வி வருமென்று அங்கிருந்து வந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த நாட்களில் சனம் எண்களைத் தலைக்குள்தான் வைத்துக்கொண்டு திரிந்தது. நான் ஓம் என்றேன். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன், லைன் அறுந்துவிட்டது. மே மாதம் சண்டை முடிந்தது. முகாம்களில் தேடித் திரிந்த சொந்தக்காரர் அவளைக் கண்டதாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். அது எந்த நேரமும் உயிரோடு இருக்க வேண்டும். அவள் எடுக்கும்போது நான் எடுக்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேறு வேலை இருந்ததாக நினைவில்லை. பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிச் சம்பளம் வாங்கியது சும்மா ஒரு பக்கத்தில் நடந்தது.

கடைக்கு வருகிற ஓர் அண்ணை கூசேன்வில்லில் இருந்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. கோடையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமென்று ஒரு பழைய கம்பிங் கார் வாங்கி, ஒரே ஒரு தடவை போய், திரும்பி வரும் வழியில் அது மூன்று இடத்தில் நின்று, மனைவியிடம் அவர் வாங்கிக் கட்டிய பிறகு வீட்டு முற்றத்தில் நிரந்தரமாக நிறுத்தியிருந்தார். ஓடாத வண்டிதான். ஆனால் உள்ளே கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, காஸில் எரிகிற ஹீற்றர் இருந்தது. என் கதை அவருக்குத் தெரியும்.

"தம்பி, நீ போய் அதுக்குள்ள இரு. போன் எவ்வளவு கத்தினாலும் கேக்கிறதுக்கு மேல பிளேன்தான் போகுது" என்றார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். நல்ல மனுசி, ஆனால் வாய் நீளம். குசினி யன்னலால் ஒரு வயர் இழுத்து என் வண்டிக்குக் கரண்ட் தந்தார்கள். முதல் குளிர் வந்த அன்றே நான் ஒரு சின்ன மின் ஹீற்றரை வாங்கிவந்து காலடியில் வைத்துக்கொண்டு, ரைஸ் குக்கரில் சோறும் போட்டேன். வீட்டில் எல்லா அறையிலும் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. படாரென்று மொத்த வீடும் இருண்டது. அக்கா பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தில் யாரோ யாரையோ அறையப் போகிற கட்டமாம். யன்னலைத் திறந்து அவர் என்னையே அறைந்துவிட்டார், வாயால்தான்.

"இருக்க இடம் குடுத்தால் படுக்கப் பாய் கேக்கிறதெண்டு இதைத்தான் சொல்லுறது!"

அதன்பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. வீட்டுக் கரண்டில் நான் எதையும் சூடாக்கக் கூடாது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, வண்டியின் இருக்கைக்குக் கீழே இருந்த பெரிய பற்றரியை மட்டும் சார்ஜ் போடலாம். மாலையில் அந்தப் பற்றரியில் இருப்பதைக் கொண்டு நான் பிழைத்துக்கொள்ள வேண்டும். நியாயமான ஒப்பந்தம்தான். எனக்கு அக்காமேல் கோபம் இருந்தது உண்மை, அது மறுநாள் அவர் புட்டும் சம்பலும் தட்டில் கொண்டுவந்து நீட்டும்வரை இருந்தது.

சூட்டுக்கு மிஞ்சியது காஸ். கடையிலே எல்லோரும் வீட்டுக்கு வாங்குகிற பூத்தான் சிலிண்டர் ஒன்றை நானும் தோளில் தூக்கிவந்து பூட்டினேன். நிலம் உறையத் தொடங்கிய கிழமை, ஹீற்றர் இருமி இருமி அணைந்தது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே நிறையக் கிடக்கிறது, வெளியேதான் வருகுதில்லை. குளிர்கிறதாக்கும் என்று நினைத்து அதற்கு நான் இடுப்பில் கட்டுகிற சாரத்தைச் சுற்றிக் கட்டினேன். வெந்நீர் ஊற்றினேன். அண்ணை வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எட, அதுக்குச் சாரம் கட்டினால் வெக்கம்தான் போகும், குளிர் போகாது. பூத்தான் உறைபனியில எழும்பாது. புரோப்பான் எண்டு கேட்டு வாங்கு."

வாங்கினேன், எரிந்தது. அடுத்த மடத்தனம் காற்றோட்டம். நிலத்திலும் கூரையிலும் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றால் ஊசிக் குளிர் ஏறும். நம்மவருக்குப் பனிக்காற்று என்றால் எமன். காதைக் கட்டு, நெஞ்சை மூடு என்று வளர்ந்த உடம்பு. கடையின் பிளாஸ்ரிக் பைகளைச் சுருட்டி எல்லா ஓட்டையையும் இறுக்கி அடைத்துவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்று படுத்தேன். காலையில் தலை வெடித்தது, வாந்தி வந்தது. அண்ணை இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒவ்வொரு பையாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, "காஸ் எரியிற இடத்தில காத்து வாற வழியை அடைச்சால் அவ எடுக்கேக்க ஆரடா கதைக்கிறது?" என்று கேட்டார். அவர் என்னை அதட்டிய ஒரே நாள் அது.

குளிரோடு வாழப் பழகினேன். தண்ணீர்த் தாங்கி உறையத் தொடங்கியதால் அதைத் திறந்து வடியவிட்டு, கலனில் தண்ணீர் கொண்டுவந்தேன். சோறு வேகும்போது ஆவி கூரையில் ஏறி என் தலையில் சொட்டியது. விடியும்போது யன்னலின் உள்பக்கமே பனிக்கட்டியாக இருக்கும், அதை ரைஸ் குக்கரின் அகப்பையால் சுரண்டுவேன். சாரதி இருக்கைக்கு மேலேயிருந்த கட்டிலில் படுக்க முடியாமல் ஹீற்றரோடு ஒட்டி நிலத்தில் படுத்தேன். இதெல்லாம் கஷ்டமென்று சொல்ல வரவில்லை. அவள் எங்கே, எந்தக் கூடாரத்தில், எதன்மேல் படுத்திருக்கிறாளோ என்று நினைக்கிறவனுக்கு நிலமும் மெத்தைதான்.

உண்மையான சிக்கல் வேறு. ஹீற்றர் காஸில் எரிந்தாலும் சூட்டை ஊதித் தள்ளுகிற விசிறிக்குக் கரண்ட் வேண்டும். விசிறி சுற்றாவிட்டால் ஹீற்றரும் பற்றாது. அந்த விசிறியும், ஒற்றை விளக்கும், என் போனும் ஒரே பற்றரியில்தான் பால் குடித்தன. குளிர் கூடக்கூடப் பற்றரிக்குக் கிழடு தட்டியது. பகல் முழுக்க நிரப்பி வைத்தாலும் நள்ளிரவுக்கு முன்பே சிவப்பு விளக்குக் காட்டும். போனோ, அதற்கும் மோசம். பழைய செற், கடையில் நிரப்பிக்கொண்டு ரயில் ஏறினால் கூசேன்வில் வருவதற்குள் பாதி போய்விடும். வண்டிக்குள்ளே சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் முன்கண்ணாடி ஓரம். அந்த வண்டியில் அதைவிடக் குளிரான இடமும் இல்லை. சூடான இடத்தில் வைத்தால் அழைப்பு வராது, அழைப்பு வருகிற இடத்தில் வைத்தால் பற்றரி செத்துவிடும்.

லா சப்பலில் போன் கடை வைத்திருக்கிற ஒருவர் புது செற் ஒன்றைக் காட்டினார். புது இலக்கம், புது ஒப்பந்தம், மலிவு, எல்லையில்லாமல் கதைக்கலாமாம்.

"எனக்குக் கதைக்க வேண்டாம், எடுக்கிறதை எடுத்தால் காணும்" என்றேன்.

"இந்தக் காலத்தில ஆரண்ணை ஒரே நம்பரை வைச்சிருக்கினம்?"

பக்கத்துக் கடையில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கல்ல, போனுக்கு. அதைத் தொப்பிக்குள் போட்டு, பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல் ஒன்றையும் வைத்து, முன்கண்ணாடி ஓரத்தில் குந்தவைத்தேன். வெந்நீர் ஆறினதும் மாற்றுவேன். அண்ணை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன, பச்சைப் பிள்ளை வளக்கிறாய் போல" என்றார். ஓம் என்றேன். 

மாலையில் அதன் எதிரே இருந்து அவளோடு கதைப்பேன். வாய்விட்டுத்தான். இன்றைக்கு முருங்கைக்காய் விலை ஏறிவிட்டது, பழைய அறைப் பெடியன் கடைக்கு வந்தான், எனக்குச் சளி, இப்படி. அவள் என்னை எப்போதும் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். சாப்பிட்டியளோ, குளிச்சியளோ, நகம் வெட்டினியளோ. திருமணமான புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்க மாட்டாளா என்று ஏங்கினேன். எவ்வளவு ஏங்கினேன் என்றால், நகம் வெட்டாமலே விட்டிருந்தேன்.

தையில் பெரிய பனி கொட்டியது. என் விடுமுறை நாள் ஒன்றில் விடியும்போது வண்டியின் கதவைத் தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. ரயில் ஓடவில்லை. அண்ணையும் அக்காவும் பிள்ளைகளும் எப்படியோ காரில் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் பற்றரிக்குச் சார்ஜ் போடலாமென்று பார்த்தால் சார்ஜரில் விளக்கு இல்லை. வயர் இணைகிற இடத்தில் நான் சுற்றிக் கட்டிய பிளாஸ்ரிக் பைக்குள் பனி உருகி இறங்கியிருந்தது. வீட்டுக்குள் பிரேக்கர் விழுந்திருக்க வேண்டும், போய்த் தூக்கிவிட வீடு பூட்டு. வண்டியின் இயந்திரத்தைத் திருகிப் பார்த்தேன், அது முனகவும் இல்லை. ஹீற்றரின் விசிறி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. போனின் பற்றரியில் ஒரே ஒரு கோடு.

பற்றரியில் மிஞ்சியிருப்பது ஒன்றுக்குத்தான் போதும். யோசிக்க ஒன்றுமில்லை. ஹீற்றரை நிறுத்தினேன், போனைச் சார்ஜில் போட்டேன். விசிறி நின்றதும் ஒரு பெரிய அமைதி வந்தது. பனிக்குள் விமானங்களும் போகவில்லை. இருந்த உடுப்பெல்லாம் போட்டு, போர்வையெல்லாம் சுற்றி, முன் இருக்கையில் போனுக்குப் பக்கத்தில் குந்தினேன். மூச்சு விட்டால் புகை. கொஞ்ச நேரத்தில் கால் விரல்கள் இருப்பது தெரியவில்லை. காது இரண்டும் தீய்ந்தன. போன் மட்டும் தொப்பிக்குள் சுகமாக இருந்தது.

மத்தியானம்போல மணி அடித்தது. நீண்ட, முன்பின் தெரியாத இலக்கம். கை விறைத்து, பொத்தானை அமத்த முடியாமல் மூக்கால் அமத்தினேன்.

"ஹலோ" என்றேன். அவள் பெயரையும் சொன்னேன்.

"அண்ணை, நான் அவவில்லை" என்றது ஒரு பெண்குரல். இளம் குரல். "நீங்கள் ரீச்சரின்ர அவரோ?"

"ஓம். ரீச்சர் எங்கை?"

"அண்ணை, நாங்கள் ஒரு பங்கருக்குள்ளதான் இருந்தனாங்கள். ரீச்சர் எங்கள் எல்லாருக்கும் உங்கட நம்பரைப் பாடமாக்கித் தந்தவ. ஆர் தப்பினாலும் எடுங்கோ, அவர் கட்டாயம் எடுப்பார் எண்டு சொன்னவ. எனக்கு இப்பதான் ஒரு போன் கிடைச்சது."

"அவ எங்கை பிள்ளை?"

"தெரியாது அண்ணை. கடைசியா வாய்க்காலடியில கண்டனான். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால போனவ. பிறகு சனம் தள்ளுப்பட்டுப் போச்சு. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை."

அந்தப் பிள்ளை அவசரமாகச் சொன்னது: "காசு முடியப் போகுது அண்ணை. ரீச்சர் ஒண்டு கேக்கச் சொன்னவ. அங்கை சரியான குளிராம். தொப்பி போடுறீங்களோ எண்டு."

"ஓம். போட்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. லைன் அறுந்தது. அன்று மாலை அண்ணை வந்து கதவைத் திறந்தபோது நான் அதே இருக்கையில்தான் இருந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் சூட்டில் இருத்தி, அக்கா என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். நாடக நேரம் வந்தும் அவர் எழும்பவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன். வாய்விட்டு அழ எனக்கு அதுவரை ஒரு வீடு கிடைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அழைப்புகள் வந்தன. ஒரு கிழவர் எடுத்தார், வாய்க்கால் தாண்டி அவளைக் கண்டாராம், கையில் குழந்தை இல்லையாம். ஒரு பெண் எடுத்தாள், கடலேரிக்கரையில் ரீச்சர் மாதிரி ஒருவரைப் பார்த்தாளாம், சத்தியம் பண்ண முடியாதாம். ஒவ்வொருவரும் அவளைக் கொஞ்சத் தூரம் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார்கள். கடலேரிக்கு இப்பால் கூட்டிவர ஒருவரும் இல்லை. மாசி, பங்குனி என்று குளிர் விட்டது, அழைப்புகளும் விட்டன. நான் அடுத்த குளிரையும் அந்தக் கம்பிங் காரிலேயே கழித்தேன், வயர் இணைப்பை ஒழுங்காகக் கட்டி. பிறகு ஆர்ஜொந்தெய் என்கிற ஊரில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. சுவருக்குச் சுவர் பிளக், கையை நீட்டினால் சூடு. போன் ஒருநாளும் இறங்குவதில்லை. அந்த வசதியைப் பார்க்கும்போதெல்லாம் இது அன்றைக்கு இருந்திருக்கலாமே என்று ஒரு கோபம் வரும். இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வரும்.

முதலில் எடுத்த அந்தப் பிள்ளை சில வருடங்களின் பின் எப்படியோ பாரிஸுக்கு வந்து சேர்ந்தாள். ஸ்ரேஷனில் இறங்கி முதல் எடுத்தது எனக்குத்தான், வேறு எண் அவளுக்குத் தெரியாது. அகதி விண்ணப்பத்துக்கு நான்தான் கூட அலைந்தேன். இங்கேயே கல்யாணம் கட்டினாள், ஒரு பெண் குழந்தை பிறந்தது. மலிவு பார்த்து மாதத்துக்கொரு சிம் மாற்றுகிற ஆள் அவள். "இப்ப எந்த நம்பர்?" என்று கேட்டு நான் அவளைத் திட்டாத நாளில்லை.

குழந்தைக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு தேர்த் திருவிழா. லா சப்பல் தெருவெல்லாம் உடைத்த தேங்காயும் சனமும். நான் கடை வாசலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. தெரியாத இலக்கம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தெரியாத இலக்கம் என்றால் என் நெஞ்சு அவளென்றுதான் எடுக்கிறது. எடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரி, இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டுவிட்டு அழுதுகொண்டு நிற்கிறாள், இந்த எண்ணைத்தான் சொல்கிறாள் என்றாள்.

மோர்ச் செம்பை வைத்துவிட்டு ஓடினேன். மருந்துக்கடைக்குள் கதிரையில் குழந்தை இருந்தது. என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுப் பிரெஞ்சில் தாயைத் திட்டத் தொடங்கியது.

"இந்தப் பிள்ளை எண்ணைச் சொன்ன விதம்தான் விளங்கவில்லை" என்றாள் அந்தப் பெண். "பாரிஸுக்குள் நின்றுகொண்டு 0033 என்று வெளிநாட்டிலிருந்து எடுப்பதுபோலத் தொடங்குகிறாள். நாங்கள் சொல்வதுபோல இரண்டு இரண்டாகவும் சொல்லவில்லை. உங்கள் மொழியில் பாட்டாகப் பாடுகிறாள். விரலை விரித்துக் காட்டச் சொல்லித்தான் அடித்தேன்."

நான் குழந்தைக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். "எங்கை, எனக்கும் ஒருக்காச் சொல்லு" என்றேன்.

குழந்தை கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று தொடங்கியது. சைபர் சைபர் மூண்டு மூண்டு. வீட்டில் தமிழில் ஒரு வசனம் முழுசாய்ச் சொல்லாத பிள்ளை, ஒரு பிசகும் இல்லாமல் சொன்னது. நாலு எண்ணுக்கு ஒருதரம் ஓசையை மேலே இழுத்து, கடைசி எண்ணில் சடக்கென்று இறக்கியது. அப்படி இழுத்து இறக்குகிறது ஒரே ஒரு ஆள்தான். வன்னியில் அந்த முன்பள்ளி வாசலில் சைக்கிளை வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்கிறபோது, அவள் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் கூடச் சொல்கிறது இப்படித்தான் வெளியே கேட்கும்.

"ஆர் படிப்பிச்சது?"

"அம்மா. துலைஞ்சு போனால் இதைச் சொல்லட்டாம். உங்கட நம்பர் மட்டும்தான் மாறாதாம்" என்று பிரெஞ்சில் சொன்னது.

"அம்மாவுக்கு ஆர் படிப்பிச்சது தெரியுமோ?"

தெரியாது என்று தலையை ஆட்டியது.

"இன்னொருக்காச் சொல்லு ராசாத்தி" என்றேன்.

சொன்னது. தாய் அழுதுகொண்டு ஓடிவந்து அதைத் தூக்கும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.